பத்து நொடிப் பட்டியல்: டூயல் பூட் பிறந்த கதை

கணினியின் பவர் பொத்தானை அழுத்தியதும் கருந்திரையில் நாலைந்து வரிகள் வரும். முதல் வரியில் உபுண்டு. நடுவில் அவசரத்துக்கு மட்டும் தொடுகிற ஒன்றிரண்டு வரிகள். கடைசியில் விண்டோஸ். கீழே பத்து, ஒன்பது, எட்டு என்று ஓர் எண் இறங்கிக்கொண்டே இருக்கும். அம்புக்குறிச் சாவியைத் தட்டினால் எண் நின்றுவிடும். வேண்டிய வரியில் நிறுத்தி என்டரைத் தட்ட வேண்டியதுதான். ஒன்றும் செய்யாமல் விட்டால் முதல் வரியில் இருப்பது தானே கிளம்பிவிடும்.

விண்டோஸையும் விடாமல் லினக்ஸையும் பழகிப் பார்த்த எல்லோருக்கும் இந்த டூயல் பூட் திரை தெரியும். லினக்ஸின் வரலாறு என்றால் ஹெல்சிங்கி, லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 என்று சொல்லி முடித்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், லினக்ஸ் நம் வீடுகளுக்குள் வந்த கதை இந்தப் பட்டியலின் கதைதான். வீட்டில் இருப்பது ஒரே கணினி. அதில் அப்பாவின் டேலி கணக்கு இருக்கிறது, அக்காவின் கல்யாணப் படங்கள் இருக்கின்றன, தம்பியின் விளையாட்டு இருக்கிறது. எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டுப் புது இயங்குதளம் (ஓ.எஸ்.) பழக யார் துணிவார்கள்? இருப்பது இருக்கட்டும், பக்கத்தில் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று ஒண்டுக்குடித்தனமாக வந்ததால்தான் லினக்ஸுக்குக் கதவு திறந்தது. அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுத்தவர்கள் சிலர். டோர்வால்ட்ஸுக்கு இணையாக அவர்கள் பெயரும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கதை லினக்ஸுக்கு எட்டு வருஷம் முன்பே தொடங்குகிறது. 1983 மார்ச்சில் ஐ.பி.எம். நிறுவனம் பிசி எக்ஸ்டி என்ற கணினியை வெளியிட்டது. அதன் உள்ளேயே 10 எம்.பி. ஹார்ட் டிஸ்க் பொருத்தியிருந்தார்கள். அதுவரை ஓ.எஸ். மாற்றுவது ஒரு வேலையே இல்லை, ஃப்ளாப்பியை மாற்றிச் செருகினால் போதும். டிஸ்க் பெட்டிக்குள் நிலையாக உட்கார்ந்துவிட்டபோதுதான் கேள்வி எழுந்தது. அந்தக் கணினியில் பிசி-டாஸ் மட்டுமல்லாமல் சிபி/எம்-86 போன்றவையும் ஓடின. ஒரே டிஸ்க்கை அவை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது?

ஐ.பி.எம். வகுத்த வழி எளிமையானது. டிஸ்க்கின் முதல் துண்டு, அதாவது 512 பைட், யாருக்கும் சொந்தமில்லாத பொது இடம். அதில் 446 பைட் ஒரு சின்னஞ்சிறு நிரலுக்கு. அடுத்த 64 பைட்டில் ஒரு அட்டவணை: ஒரு பகுதிக்கு 16 பைட் வீதம் நான்கு பகுதிகள். எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த ஓ.எஸ். வகையைச் சேர்ந்தது என்று அதில் எழுதியிருக்கும். மிச்சம் இரண்டு பைட் முத்திரை. கணினி எழுந்ததும் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற ஆரம்ப நிரல் இந்தத் துண்டைப் படித்து, உள்ளே இருக்கும் நிரலை ஓட்டும். அது அட்டவணையைப் பார்த்து 'நடப்பு' என்று குறியிட்ட பகுதியை எழுப்பும். ஆக, டிஸ்க்கைப் பலர் பங்கிடலாம் என்ற எண்ணம் பிசி உலகில் முதலிலிருந்தே இருந்தது. பட்டியல்தான் இல்லை. வேறு ஓ.எஸ். வேண்டுமென்றால் எஃப்டிஸ்க் நிரலைத் திறந்து குறியை மாற்றி, மறுபடி கணினியை எழுப்ப வேண்டும்.

இந்தக் கதையின் முதல் முப்பது வருஷமும் ஏறக்குறைய அந்த 512 பைட்டுக்குள்தான் நடக்கிறது.

1991 ஜனவரியில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் டோர்வால்ட்ஸ் ஒரு 386 கணினி வாங்கினார். பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் எழுதிய மினிக்ஸ் என்ற ஓ.எஸ். ஃப்ளாப்பிகளுக்குச் சொல்லிவிட்டு, அவை வரும்வரை டாஸில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா ஆடிக்கொண்டிருந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் வெளியிட்ட லினக்ஸ் 0.01 பதிப்பைக் கம்பைல் செய்ய மினிக்ஸ் தேவைப்பட்டது. லினக்ஸ் பிறந்ததே இன்னொரு ஓ.எஸ்.ஸின் பக்கத்தில், அதன் உதவியால். பல்கலைக்கழகக் கணினியை மோடம் வழியாகக் கூப்பிட முயன்றபோது, மோடத்துக்குப் போக வேண்டிய எழுத்துகளை அவர் தவறுதலாக ஹார்ட் டிஸ்க்குக்கே அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி பாழானது. அதைத் திரும்ப நிறுவாமல், இனி லினக்ஸிலேயே எல்லாம் என்று அன்றைக்கு முடிவெடுத்தார்.

ஆனால் அந்த லினக்ஸை எழுப்புவது பெரும்பாடு. ஆரம்பத்தில் ஒரு ஃப்ளாப்பியில் லினக்ஸின் மைய நிரலான கர்னலும், இன்னொன்றில் மற்ற நிரல்களும் இருக்கும். முதலாவதைப் போட்டு எழுப்பி, கேட்கும்போது இரண்டாவதை மாற்ற வேண்டும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே எழுப்ப, மினிக்ஸுக்காக எழுதப்பட்ட ஷூலேஸ் என்ற நிரலைக் கடன் வாங்கினார்கள்.

இந்த இடத்தில் வருகிறார் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர். சூரிக்கில் உள்ள ஈ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர். 1992இல் அவர் எழுதிய, ஓ.எஸ்.ஸை எழுப்பும் லிலோ என்ற பூட் லோடர்தான் நம் பட்டியலின் மூத்த பிள்ளை.

அவர் எதிர்கொண்ட சிக்கலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதல் துண்டில் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட். இந்தப் பத்தியில் இருக்கும் எழுத்துகளே அதைவிட அதிக இடம் பிடிக்கும். அவ்வளவு சிறிய நிரலுக்கு, கர்னல் கோப்பு டிஸ்க்கில் எங்கெங்கே சிதறிக் கிடக்கிறது என்று தேடுமளவு அறிவைப் புகட்ட முடியாது. ஆல்மெஸ்பெர்கர் வேலையை இரண்டாகப் பிரித்தார். லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நிரல், கர்னலின் ஒவ்வொரு துண்டும் டிஸ்க்கில் எந்த எண்ணுள்ள இடத்தில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்து ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைத்துவிடும். மறுநாள் கணினி எழும்போது முதல் துண்டில் இருக்கும் குட்டி நிரல் யோசிக்க வேண்டியதே இல்லை. எழுதியிருக்கும் எண்களை வரிசையாகப் படித்து நினைவகத்தில் ஏற்றினால் போதும். விலையும் இருந்தது: புதுக் கர்னல் போட்டுவிட்டு அந்த நிரலை மறுபடி ஓட்ட மறந்தால், எண்கள் பழையவையாகி, கணினி எழாது.

எழாதபோதும் லிலோ வாயடைத்துப் போகாது. தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் ஒவ்வொன்றாகத் திரையில் போடும். முதல் எழுத்தோடு நின்றால், முதல் கட்டம் வந்துவிட்டது, இரண்டாவதைப் படிக்க முடியவில்லை. 'எல்', 'ஐ' என்று இரண்டோடு நின்றால், இரண்டாம் கட்டத்தைப் படித்தாயிற்று, ஓட்ட முடியவில்லை. மூன்றோடு நின்றால் வரைபடக் கோப்பில் கோளாறு. பிழைச் செய்தி எழுத இடமே இல்லாத ஓர் இடத்தில், தன் பெயரையே நோயறியும் கருவியாக்கிய அந்தப் புத்திசாலித்தனத்தை இன்றைக்கும் வியக்கிறேன். அந்தக் காலத்தில் லினக்ஸ் பழகியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டே எழுத்தோடு உறைந்த திரையை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நான்கு எழுத்தும் வந்துவிட்டால் 'பூட்' என்று கேட்டு நிற்கும். டேப் சாவியைத் தட்டினால் இருக்கும் பெயர்களைக் காட்டும். லினக்ஸ் என்று தட்டச்சு செய்தால் லினக்ஸ், டாஸ் என்றால் டாஸ். சும்மா விட்டால், குறித்து வைத்த நேரம் முடிந்ததும் முதல் பெயர். கறுப்புத் திரையின் பத்து நொடி இங்கேதான் பிறந்தது.

ஆல்மெஸ்பெர்கர் செய்தது இதோடு முடியவில்லை. லினக்ஸிலிருந்து டாஸ் பகுதியின் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் நிரலையும் அதே 1992இல் எழுதியவர் அவர்தான். இரண்டு ஓ.எஸ். ஒரே டிஸ்க்கில் இருந்தால் மட்டும் போதாது, இங்கே எழுதிய கடிதத்தை அங்கிருந்தும் திறக்க முடிய வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருக்கிறார். ஒரே ஆளின் இந்த இரண்டு வேலைகளையும் சேர்த்துப் பார்த்தால், டூயல் பூட் என்பது தற்செயலாக அமைந்த வசதி இல்லை என்பது புரியும்.

லிலோவின் பெயரைக் கெடுத்த இன்னொரு தொல்லை அதன் குற்றமே அல்ல. பழைய பயாஸ், டிஸ்க்கின் சிலிண்டர் எண்ணை எழுதப் பத்து பிட் இடம்தான் ஒதுக்கியிருந்தது. அதாவது 1024 சிலிண்டருக்கு அப்பால் அதற்குக் கண் தெரியாது. முதலில் அது 528 எம்.பி. அளவில் இடித்தது; பிறகு பயாஸ்காரர்கள் கணக்கை மாற்றிப் போட்டதும் 8.4 ஜி.பி.யில். டிஸ்க்கின் முன்பாதியில் விண்டோஸ் உட்கார்ந்திருக்க, பின்பாதியில் லினக்ஸை நிறுவியவர்களின் கர்னல் அந்தக் கோட்டுக்கு அப்பால் போய் விழும். நிறுவும்போது எல்லாம் சரியாக நடக்கும், மறுமுறை எழுப்பும்போது நிற்கும். டிஸ்க்கின் தொடக்கத்திலேயே கர்னலுக்கென்று ஒரு சின்னப் பகுதி ஒதுக்கும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

எழுப்புவது ஒரு பக்கம் இருக்கட்டும், இடம்? கடையிலிருந்து வந்த கணினியில் டிஸ்க் முழுவதையும் டாஸ் ஒரே பகுதியாகப் பிடித்து வைத்திருக்கும். அதைப் பிரிக்க எஃப்டிஸ்க்குக்குத் தெரிந்த ஒரே வழி, இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக வகுப்பது. 1993இல் ஆர்னோ ஷேஃபர் எழுதிய ஃபிப்ஸ் இந்த முட்டுக்கட்டையை எடுத்தது. டிஃப்ராக் ஓட்டிக் கோப்புகளையெல்லாம் முன்பக்கம் தள்ளிவிட்டால், பின்னால் காலியான இடத்தை ஃபிப்ஸ் தனிப் பகுதியாக வெட்டிக் கொடுக்கும். வெட்டுவதற்கு முன் பழைய அட்டவணையை ஒரு ஃப்ளாப்பியில் பிரதி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். ஏதாவது தப்பானால் அந்த ஃப்ளாப்பியால் பழையபடி ஆக்கிவிடலாம். லினக்ஸ் சிடிகளில் டாஸ் கருவிகள் என்ற அடைவுக்குள் ஃபிப்ஸ் வெகுகாலம் இடம் பிடித்திருந்தது.

அதுகூட வேண்டாம் என்றவர்களுக்கும் வழி பிறந்தது. ஹான்ஸ் லெர்மென் எழுதிய லோட்லின், டாஸுக்குள்ளேயே சாதாரண நிரல் போல ஓடி, டாஸை அப்புறப்படுத்திவிட்டு லினக்ஸை ஏற்றும். முதல் துண்டைத் தொடவே வேண்டாம். ஜாக் ஜெலினாஸ் எழுதிய அம்ஸ்டாஸ், டாஸ் பகுதிக்குள் ஓர் அடைவிலேயே முழு லினக்ஸையும் குடிவைத்தது. பிடிக்கவில்லையென்றால் அந்த அடைவை அழித்தால் தீர்ந்தது. இந்த லெர்மெனும் லிலோ எழுதிய ஆல்மெஸ்பெர்கரும் பிறகு சேர்ந்து, கர்னல் எழும்போது தேவையான டிரைவர்களைத் தற்காலிகமாக நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இனிட்ஆர்டி ஏற்பாட்டை 1996இல் ஆவணப்படுத்தினார்கள். இன்று உபுண்டு எழும்போதும் அதன் வழிவந்த ஏற்பாடுதான் ஓடுகிறது.

எதிர்ப்பக்கம் எப்படி இருந்தது? 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, நிறுவும்போது முதல் துண்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் தன் நிரலை எழுதிவிடும். லினக்ஸ் அப்படியே இருக்கும், எழுப்பத்தான் ஆள் இருக்காது. விண்டோஸை முதலில் நிறுவு, லினக்ஸை அப்புறம் நிறுவு என்ற பாடம் அன்றைக்கு எழுதப்பட்டது. விண்டோஸ் என்.டி. மட்டும் சற்று மேல். அதற்குச் சொந்தமாக ஒரு பட்டியல் இருந்தது. அதை வைத்து டாஸையும் எழுப்பலாம். லினக்ஸ் பகுதியின் முதல் துண்டை ஒரு கோப்பாகப் பிரதி எடுத்து என்.டி.யின் பட்டியலில் சேர்த்துவிடும் உபாயத்தையும் லினக்ஸ்காரர்கள் கண்டுபிடித்தார்கள்.

பட்டியலுக்குப் பின்னால் இருந்த அதிகாரத்தைப் புரிந்துகொள்ள, லினக்ஸை ஒரு நிமிஷம் விட்டுவிட்டு பீஓஎஸ் பக்கம் போக வேண்டும். ஜான்-லூயி கஸே நடத்திய பீ நிறுவனத்தின் ஓ.எஸ். அது. 1998இல் ஜப்பானில் ஹிட்டாச்சி தன் ஃப்ளோரா பிரியஸ் கணினியை விண்டோஸ் 98, பீஓஎஸ் இரண்டையும் ஏற்றி விற்றது. ஆனால் எழுப்பும்போது பட்டியல் வராது. பீஓஎஸ் டிஸ்க்கில் இருக்கும், வாங்கியவர் தானே தேடி உயிர்ப்பித்தால் ஒழியத் திரைக்கு வராது. மைக்ரோசாஃப்ட் கணினித் தயாரிப்பாளர்களோடு செய்துகொண்ட உரிம ஒப்பந்தங்களே இதற்குக் காரணம் என்றது பீ. 2002இல் வழக்குத் தொடுத்தது. 2003 செப்டம்பரில் 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், மைக்ரோசாஃப்ட் சமரசம் செய்துகொண்டது. அதற்குள் பீ கடையை மூடியிருந்தது. கணினி எழும் முதல் சில நொடிகள் யார் கையில் என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நாம் இன்று பார்க்கும் பட்டியலைப் போடுவது கிரப். அது பிறந்தது லினக்ஸுக்காகவே அல்ல. 1995இல் எரிக் போலின், கட்டற்ற ஓ.எஸ். உருவாக்கும் குனு திட்டத்தின் ஹர்டை மாக் 4 மைக்ரோகர்னலின் மேல் எழுப்பப் பார்த்தார். ஒவ்வொரு ஓ.எஸ்.ஸும் தனக்கென்று ஒரு பூட் லோடர் எழுதிக்கொண்டிருந்த நிலை அவருக்குச் சகிக்கவில்லை. எந்தக் கர்னலையும் எந்த லோடரும் எழுப்பக்கூடிய பொது விதிமுறை ஒன்றை பிரையன் ஃபோர்டோடு சேர்ந்து வகுத்து, அதன்படி கிரப்பை எழுதினார். 1999இல் கோர்டன் மாட்சிக்கீட்டும் யோஷினோரி ஒகுஜியும் அதை குனுவின் அதிகாரபூர்வமான நிரலாக்கினார்கள்.

லிலோவுக்கும் கிரப்புக்கும் உள்ள வேறுபாடு பெரிது. கிரப்புக்குக் கோப்பு முறைமையைப் படிக்கத் தெரியும். கர்னல் எந்த எண்ணில் இருக்கிறது என்று முன்கூட்டி எழுதி வைக்க வேண்டாம், எழும்போதே பெயரைச் சொல்லித் தேடிக்கொள்ளும். மறந்துபோய் மாட்டிக்கொள்ளும் கவலை அதோடு ஒழிந்தது. விண்டோஸைப் பொறுத்தவரை அது கடைப்பிடித்த வழி இன்னும் மரியாதையானது. விண்டோஸின் கர்னல் எப்படி எழுகிறது என்று அது கேட்பதே இல்லை. விண்டோஸ் பகுதியின் முதல் துண்டை ஏற்றி, பொறுப்பை அதனிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும். கிரப் முதலில் எழுந்ததே தெரியாதபடி விண்டோஸ் தன் வழக்கப்படி கிளம்பும்.

நம் ஊரில் 1990களின் பிற்பகுதியில் பிசிகுவெஸ்ட் இதழோடு வந்த சிடிகள் மூலம்தான் பலர் கைக்கு லினக்ஸ் வந்தது. சென்னையின் லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. அன்றைய வீட்டுக் கணினியில் டூயல் பூட் ஏன் இன்றியமையாததாக இருந்தது என்பதை ஒரே ஒரு பொருளால் விளக்கிவிடலாம்: உள்ளே பொருத்தும் மலிவான மோடம். மோடத்தின் வேலையில் பாதியை விண்டோஸ் நிரலே செய்யும்படி அமைத்த வகை அது. லினக்ஸில் அது வெறும் அட்டைதான். ஆகவே இன்டர்நெட் வேண்டுமென்றால் விண்டோஸ். லினக்ஸில் ஒரு பிரச்சினை வந்தால் விண்டோஸுக்குப் போய், டயல் செய்து, தேடி, கட்டளைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மறுபடி லினக்ஸுக்கு வந்து, பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டும். ஒரு எழுத்து தப்பாக எழுதியிருந்தால் மறுபடி அதே சுற்று. ஒரு மாலைக்குள் அந்தப் பட்டியல் எத்தனையோ முறை வந்துபோகும். லினக்ஸை அப்படிக் கற்றவர்கள் அதை ஆழமாகக் கற்றார்கள்.

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி புதிய இடைஞ்சலைக் கொண்டுவந்தது. வீட்டுக் கணினிகள் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறைமைக்கு மாறின. ஃபிப்ஸுக்கு அது புரியாது. அதன் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதும் இல்லை. தன்னார்வலர்கள் டிஸ்க்கில் கிடந்த பைட்டுகளைப் பார்த்துப் பார்த்து, இது இதுவாக இருக்க வேண்டும் என்று ஊகித்து, சோதித்து அறிந்தார்கள். 2002 முதல் ஹங்கேரியரான சபோல்ச் சாகாசிச் எழுதிய என்.டி.எஃப்.எஸ். ரீசைஸ், கோப்புகள் நடுவில் சிதறிக் கிடந்தாலும் அவற்றை நகர்த்தி வைத்துவிட்டுப் பகுதியைச் சுருக்கியது. சுருக்கி முடித்தபின், அடுத்த முறை விண்டோஸ் எழும்போது டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொள்ளும்படி அதற்குக் குறிப்பும் வைத்துவிடும். இன்னொருவர் வீட்டுச் சுவரைத் தொடுகிறோம் என்ற கவனம் அந்த நிரலின் ஒவ்வொரு அடியிலும் தெரியும். அதே மனிதர் முன்னின்று கொடுத்த என்.டி.எஃப்.எஸ்-3ஜி 2007 பிப்ரவரியில் நிலையான பதிப்பாக வந்தபின், லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் பயமில்லாமல் எழுதவும் முடிந்தது.

பயம்தான் உண்மையான தடை. அதைக் குறைத்ததில் ஜெர்மனியின் கிளாவுஸ் க்னோப்பருக்குப் பெரும் பங்குண்டு. அவருடைய க்னாப்பிக்ஸ், 2 ஜி.பி. அளவு நிரல்களை 700 எம்.பி. சிடிக்குள் அமுக்கி வைத்து, டிஸ்க்கைத் தொடாமல் சிடியிலிருந்தே முழு லினக்ஸையும் ஓட்டியது. சிடியை எடுத்துவிட்டால் கணினி பழையபடி. 2004 அக்டோபரில் பிறந்த உபுண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பியது. 2006இல் வந்த 6.06 பதிப்பில், சிடியிலிருந்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடித்திருந்தால் அங்கிருந்தபடி நிறுவலாம் என்று ஆனது. விண்டோஸுக்கு எவ்வளவு, உபுண்டுவுக்கு எவ்வளவு என்று ஒரு கோட்டை மவுஸால் இழுத்தால் டிஸ்க் பிரிந்தது. ஃபிப்ஸில் சிலிண்டர் எண்களைப் பார்த்துப் பிரித்தவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்! 2008 ஏப்ரலின் 8.04 பதிப்போடு வந்த வூபி, விண்டோஸுக்குள் ஒரே பெரிய கோப்பாக உபுண்டுவை வைத்தது. வேண்டாமென்றால் மற்ற விண்டோஸ் நிரல்களைப் போலவே கன்ட்ரோல் பேனலில் நீக்கிவிடலாம். அம்ஸ்டாஸின் பழைய எண்ணம் வேறு உருவத்தில் திரும்பி வந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் தனி அத்தியாயம் உண்டு. சி. உமாசங்கர் தலைமையில் இருந்தபோது தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பின்னர், 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வாங்கிக் கொடுத்த மடிக்கணினிகளில், விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஹிட்டாச்சியால் காட்ட முடியாமல் போன பட்டியல், அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் படித்த பிள்ளைகள் கையில் நேராக வந்து சேர்ந்தது. பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓ.எஸ். இருக்க முடியும் என்பதைப் பவரை அழுத்திய முதல் நாளே அந்தப் பிள்ளைகள் பார்த்தார்கள். இதை ஒரு பெரிய காரியமாகவே நினைக்கிறேன். அந்த இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தால் என்ன கிடைக்கும் என்று சொல்லித்தர ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பாடநூலில் இடமும் அப்போதே வேண்டியிருந்தது. 2018இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் விண்டோஸோடு உபுண்டுவும் பாடமானது நல்ல காரியம். கொஞ்சம் முன்னதாக நடந்திருக்கலாம்.

2012இல் அந்த 512 பைட்டின் ஆட்சி முடிந்தது. விண்டோஸ் 8 கணினிகள் பயாஸுக்குப் பதில் யு.இ.எஃப்.ஐ.யோடு வந்தன. ஒரு விதத்தில் இது டூயல் பூட்டுக்கு வரம். பூட் லோடர்களுக்கென்றே ஒரு சிறிய பகுதி. அதில் விண்டோஸுக்கு ஓர் அடைவு, உபுண்டுவுக்கு ஓர் அடைவு. ஒருவர் மேல் இன்னொருவர் எழுதும் தேவை இல்லை. நான்கு பகுதி என்ற வரம்பும் 128 ஆக விரிந்தது. ஆனால் கூடவே செக்யூர் பூட் வந்தது. நம்பகமான கையெழுத்து இல்லாத எதையும் கணினி எழுப்பாது. தயாரிப்பாளர்கள் கணினிக்குள் பதித்து அனுப்பிய சாவி மைக்ரோசாஃப்டுடையது. விண்டோஸை நடத்துபவர் கையெழுத்திட்டால்தான் லினக்ஸ் எழும் என்ற நிலை.

வழி கண்டவர் மேத்யூ காரெட். லினக்ஸின் ஒவ்வொரு கர்னலுக்கும் மைக்ரோசாஃப்டிடம் கையெழுத்துக் கேட்டு நிற்க முடியாது. ஆகவே ஷிம் என்ற மிகச் சிறிய நிரலை எழுதி, அதற்கு மட்டும் கையெழுத்து வாங்கினார். ஷிம் எழுந்து, அந்தந்த லினக்ஸ் வெளியீட்டாளரின் சாவியைக் கொண்டு சரிபார்த்து கிரப்பை எழுப்பும், கிரப் கர்னலை எழுப்பும். கணினி உரிமையாளர் தன் சொந்தச் சாவியையும் சேர்த்துக்கொள்ள இடம் வைத்திருந்தார். 2012 நவம்பர் இறுதியில் கையெழுத்தான ஷிம்மை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். சுதந்திரம் பேசியவர்கள் சிலருக்கு இந்தச் சமரசம் கசந்தது. காரெட் செய்தது சரி என்பதே என் கட்சி. செக்யூர் பூட் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் வீட்டில் லினக்ஸை முயன்று பார்க்கிறாரே, அவருக்கு வழி அடைபடாமல் காத்தவர் அவர்.

மைக்ரோசாஃப்டும் மாறியது. 2016இல் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். வந்தது. 2019இல் அறிவித்த அதன் இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கர்னலே ஓடியது. நிரல் எழுதுபவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் அங்கே லினக்ஸ் விண்டோஸ் எழுந்த பிறகு, விண்டோஸ் விடுகிற அளவில் ஓடுகிறது. பழைய கணினிக்கு அதனால் பயன் இல்லை, தன் கணினி தனக்குச் சொந்தம் என்று உணர விரும்புபவருக்கும் போதாது.

சண்டை முற்றிலும் ஓயவும் இல்லை. 2024 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, பழைய ஷிம்களை நம்ப வேண்டாம் என்று கணினிக்குள் எழுதிவிட்டது. டூயல் பூட் கணினிகளை அது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும், பல கணினிகளில் லினக்ஸ் எழ மறுத்தது. செக்யூர் பூட்டை அணைத்து, அந்தப் பதிவை நீக்கி, ஷிம்மைப் புதுப்பித்து மீண்டார்கள்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 சில்லும் புதிய பிராசசரும் இல்லாத, மற்றபடி நன்றாக ஓடும் கணினிகள் வீடுகளில் நிறைய. லினக்ஸை முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு இது நல்ல வேளை. முதலில் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் பூட் வரிசை மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்டு நிற்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில் கிடக்கும், அதன் பகுதியில் லினக்ஸால் எழுத முடியாது. பென் டிரைவிலிருந்து சில நாள் நிறுவாமலே ஓட்டி வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வருகிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சி டிரைவைச் சுருக்கி 40 ஜி.பி.யாவது காலி இடம் விட்டு, அதில் நிறுவுங்கள்.

அதன் பிறகு விண்டோஸுக்குப் போகும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் கணினி கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். லினக்ஸ் மதர்போர்டின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸிடம் சொல்ல ஒற்றைக் கட்டளை போதும்.